பதினேழாவது கட்டம்

எங்கள் வீட்டில் எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. இது அப்பா போட்ட சட்டம். ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்ப்பதற்காக மூன்று முறை வரிசையில் நின்று, மூன்று முறையும் "இங்கே ஒண்ணு விட்டுப்போச்சு" என்று கடைசியில் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். பொருந்தினால் உள்ளதை எழுது, பொருந்தாவிட்டால் கோடு போடு, காலியாக மட்டும் விடாதே. சாதிச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப், கல்லூரி அட்மிஷன் எல்லாவற்றையும் நான் அப்படித்தான் நிரப்பினேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்து வாங்கினேன் என்பது பாதி உண்மை. கட்டம் விடாமல் நிரப்பி வாங்கினேன் என்பது மீதி.

செம்பூரில் அந்த விளம்பரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றும் அதே பழக்கம். மனிதவளத் துறையில் இருக்கும் மெஹக் நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தாள். பதினேழாவது கட்டம் இப்படிக் கேட்டது: அலுவலகத்தின் உதவி தேவைப்படும் உடல், மன நிலை ஏதேனும் உங்களுக்கு உண்டா? உண்டு. ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடு, என்று எழுதினேன். மாநகராட்சி ஆஸ்பத்திரி சீட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்துக் கொடுத்தேன்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் நான்கு பேப்பர் போனபோது அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் மராட்டியில் பொறுமையாகச் சொன்னார்: சோம்பேறித்தனம் இல்லை, திமிர் இல்லை, மூளை அப்படி அமைந்திருக்கிறது. அம்மா கேட்டது ஒன்றுதான். "கிறுக்கு இல்லல்லா?" இல்லை என்றார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் பட்டம் வாங்க அதுவும், காலையில் ஒரு மாத்திரையும் போதுமாக இருந்தன.

கம்பெனிக்கு என்னால் ஒரே சந்தோஷம். ஏடிஎச்டி, தாராவி, பெண் பிள்ளை, முதல் பட்டதாரி எல்லாம் ஒரே பாக்கெட்டில் வந்திருக்கிறது. சேர்ந்த இரண்டாவது வாரமே 'எல்லோருக்கும் இடம்' என்று ஒரு போஸ்டர் அடித்து, என் முகத்தை நடுவில் வைத்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். கிரியேட்டிவ் தலைவர் வேங்கடசுப்ரமணியன் என்னைப் 'பூ' என்று கூப்பிட ஆரம்பித்தார். என் பெயர் பூமாரி. எங்கள் ஊர் அம்மன் பெயர். அதில் பாதியை வெட்டினால் சாமிக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஆறு மாதம் ப்ரொபேஷன்.

அந்த ஆறு மாதம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பர்மனென்ட் ஆனால் அப்பா அம்மாவைக் கம்பெனி இன்சூரன்ஸில் சேர்க்கலாம். அப்பா நம்பிராஜன் கோவண்டியில் ஒரு கொரியர் குடோனில் மூட்டை தூக்குகிறார். அவருக்குக் குடலிறக்கம். ஒன்றரை வருடமாக இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இருமும்போது மட்டும் கையை வைத்து அழுத்திக்கொண்டு வேலைக்குப் போகிறார். ஆபரேஷன் செய்தால் ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஒனக்கு பர்மனென்ட் ஆவட்டும், அதுக்கப்பறம் படுத்துக்கிடுதேன்" என்பார். நான் போகும் ரயிலைப் பற்றி விசாரிப்பதுபோலத் தினமும் கேட்பார். "இன்னும் எத்தன மாசம்?"

என் பதினேழாவது கட்டத்துக்குக் கம்பெனி கொடுத்த உதவி ஓர் அறை. கண்ணாடி அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாம்பல் நிறக் கம்பளம், சத்தம் புகாத கதவு. வாசலில் 'அமைதி அறை' என்று எழுதி அதற்கும் ஒரு போட்டோ எடுத்தார்கள்.

முதல் நாள் அந்த அறையில் ஒரு ஷாம்பு விளம்பரத்துக்கு மூன்று வரி எழுத உட்கார்ந்தேன். ஏசி சத்தத்துக்குள் இரண்டு சத்தம் இருந்தன. ஒன்று நீளமாக, ஒன்று விட்டுவிட்டு. விட்டுவிட்டு வருவது எத்தனை நொடிக்கு ஒரு தடவை என்று எண்ணினேன். பதினான்கு. பிறகு பதினான்கு இல்லை, பதினைந்து என்று தோன்றியது. மறுபடி எண்ணினேன். கண்ணாடிக்கு வெளியே வேங்கடசுப்ரமணியன் போகிறபோது கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். சாயங்காலம் கையில் ஒரு வரிகூட இல்லை.

நான் வளர்ந்த இடத்தில் அமைதி என்ற பொருளே கிடையாது. அம்மா விஜயராணி தாராவியில் கரீம் பாட்சாவின் பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். பதினோரு மெஷின், ஒரு கட்டிங் டேபிள். நான் ஸ்கூல் விட்டு அங்கேதான் போவேன், ஜிப் பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். பட்டறையை நடத்துவது பாட்சாவின் மருமகள் நஸீரா அக்கா. அவளுக்கு ஒரு வழக்கம். அரைமணிக்கு ஒருமுறை மெஷின் மெஷினாக நடப்பாள். ஒரே வார்த்தை கேட்பாள். "எத்தன?" தைக்கிறவர் எண்ணைச் சொல்ல வேண்டும். "ஏழு." "நாலு." "ஒண்ணுமில்லக்கா, ஊசி முறிஞ்சிட்டு." அவ்வளவுதான். ஏன் குறைவு என்று கேட்கமாட்டாள், திட்டமாட்டாள், சபாஷும் சொல்லமாட்டாள். அடுத்த மெஷினுக்குப் போய்விடுவாள். நடக்கிற வழியில் நான் உட்கார்ந்திருந்ததால் என்னையும் கேட்டாள். "எத்தன புள்ள?" "ரெண்டு கணக்கு." "ம்." அந்த "ம்"-இல் தான் நான் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் வந்தேன். அவள் வரப்போகிறாள் என்பதற்காகவே கை ஓடும். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் ஒரு கணக்கு மூன்று மணி நேரம்.

இதை மெஹக்கிடம் சொன்னேன். எனக்கு அறை வேண்டாம், கூட்டத்தோடு ஒரு மேசை கொடுங்கள், அரைமணிக்கு ஒருமுறை யாராவது வந்து எவ்வளவு முடிந்தது என்று மட்டும் கேட்கட்டும். மெஹக் இந்தியில் கேட்டாள்: "அது உனக்கு அவமானமா இருக்காதா?" இருக்காது என்றேன். "கன்ஃபர்மேஷன் மீட்டிங்ல காட்டறதுக்கு ஏதாவது எழுத்துல இருக்கணும்" என்றாள். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

கேட்கும் வேலை சுப்புலக்ஷ்மிக்கு வந்தது. என்னைவிட இரண்டு வருடம் சீனியர். மாதுங்காவில் மூன்று தலைமுறை. தாத்தா ரயில்வே, அப்பா பேங்க், அம்மா எல்ஐசி. படிவங்களைக் கொடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்த குடும்பம். நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே கச்சிதமாகப் பிடித்துக்கொண்டாள். லேப்டாப்பில் ஒரு ஷீட் போட்டாள். நேரம், கேட்டேன், பதில், முடிந்ததா என்று நான்கு பத்தி. கேள்விக்குறிக்கு முன்னால் ஓர் இடம் விட்டு டைப் அடிப்பது அவள் பழக்கம். பத்தரைக்கு வருவாள்.

"எத்தனை?"

"ரெண்டு தலைப்பு."

"ம்."

"அந்த 'ம்' இன்னும் கொஞ்சம் வெறப்பா இருக்கணும். நீ சொன்னா சங்கீத கிளாஸ் மாதிரி இருக்கு."

"சரிடி, உங்க நஸீரா அக்காகிட்ட டியூஷன் வச்சுக்கறேன்."

ஓடியது. மூன்றாவது மாதத்தில் அந்தத் தளத்தில் யாரையும்விட அதிக வேலை என்னிடமிருந்து போனது. அப்போதுதான் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு கையேடு கேட்டார். விளம்பரம், டிசைன், சினிமா போன்ற துறைகளில் ஏடிஎச்டி உள்ள ஊழியர்களுக்கு அலுவலகம் எப்படித் துணை நிற்பது என்று இருபத்துநான்கு பக்கம். எழுதப் போவது யார் என்று யாரும் யோசிக்கவே இல்லை. "பூ, இது உன் கதை" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

எழுதினேன். ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு வாக்கியம் வைத்தேன். 'என்ன உதவும் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொன்னதை அவருக்கு எதிராகக் குறித்து வைக்காதீர்கள்.' இரண்டாவதை வேங்கடசுப்ரமணியன் அடித்தார். "நெகட்டிவா இருக்கு பூ. கிளையன்ட் பயந்துடுவான்." சரி சார் என்றேன். அப்போது எனக்கே அந்த வாக்கியம் யாரையோ பற்றியது என்றுதான் நினைப்பு.

ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம். பேன்ட்ரியில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் பையிலிருந்து மாத்திரைப் பட்டை கீழே விழுந்தது. காலையில் போட மறந்திருந்தேன். சுப்பு எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது திருப்பிப் பார்த்தாள்.

"இத இப்பப் போடாத. ராத்திரி தூக்கம் வராது. கார்த்தாலயே டிபனோட போடணும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

சுற்றிப் பார்த்தாள். தண்ணீர் மெஷின் பக்கம் யாரும் இல்லை. "பத்தாங்கிளாஸ்லேர்ந்து சாப்பிடறேன்."

"இங்க தெரியுமா?"

"பைத்தியமா எனக்கு? மாதுங்கால எங்க குடும்ப டாக்டர் எழுதித் தரார், அப்பா மருந்து வாங்கிண்டு வரார். அதோட சரி."

"அப்ப பதினேழாவது கட்டம்?"

"நில்னு எழுதினேன், ஒண்ணுமில்லன்னு." சிரித்தாள். "ஏண்டி, அந்தக் கட்டத்த யாராவது ரொப்புவாளா? மொத வேலைக்குப் போறச்சயே அப்பா சொல்லிட்டார். மெடிக்கல்னு எங்க பார்த்தாலும் நில்னு எழுதுன்னு."

"எங்கப்பா காலியா விடாதன்னார்."

"நானும் காலியா விடலியே."

அவள் டப்பாவை மூடினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ கடன் வாங்கியதை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னாள். "உண்மையச் சொல்லட்டுமா? உன்ன வந்து கேக்கணுமேங்கறதுக்காகவே என் வேலையும் முடியறது. அரைமணிக்கு ஒருதரம் எழுந்து வரேன் பாரு, அதுலதான் நான் ஓடறேன். அந்த ஷீட் எனக்கும் சேர்த்துதான்."

எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அந்த அலுவலகத்தில் என்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்று ரயிலில் நின்றுகொண்டே சிரித்தேன். எவ்வளவு முட்டாள்தனம்.

ஆறு மாதம் முடிந்த வாரம் கன்ஃபர்மேஷன் மீட்டிங். வேங்கடசுப்ரமணியன், மெஹக், எனக்கு 'துணையாளர்' என்ற முறையில் சுப்புலக்ஷ்மி, நான். சுவரில் இருந்த டிவியில் அந்த ஷீட்டைத் திறந்தார்கள். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் வரிகள். என் ஆறு மாதம் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது.

மெஹக்தான் ஆரம்பித்தாள். "சராசரியா ஒரு நாளைக்குப் பதினோரு தடவை உனக்கு நினைவூட்ட வேண்டியிருந்திருக்கு."

"நினைவூட்டல் இல்ல. கேட்டாங்க."

"பூ, பர்சனலா எடுத்துக்காத" என்றார் வேங்கடசுப்ரமணியன். "வேலை பிரமாதம். அதுல கேள்வியே இல்ல. ஆனா பர்மனென்ட் ஆள்னா சொந்தக் கால்ல நிக்கணும். பதினோரு தடவை ஒருத்தர் எழுந்து வரணும்னா அது அவங்க நேரம் இல்லையா?"

"நாலாவது பத்தியப் பாருங்க சார். முடிந்ததா. எத்தன 'ஆம்' இருக்குன்னு பாருங்க."

"முடிக்கறே. கேட்டாத்தானே முடிக்கறே?"

"கிளையன்ட் போன் பண்ணாம நீங்க ஏதாவது ஒரு வேல முடிச்சிருக்கீங்களா சார்?"

மெஹக் பேனாவைக் கீழே வைத்தாள். வேங்கடசுப்ரமணியன் என்னைப் பார்த்தார். கட்டை விரல் காட்டிய முகம் இல்லை அது. "அது பிசினஸ். ரெண்டையும் கலக்காத."

அப்போது சுப்புவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம். எனக்கு அது தொந்தரவாக இல்லை, என் வேலையும் அதனால்தான் நடந்தது என்று மட்டும் சொன்னால் போதும். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேங்கடசுப்ரமணியன் அவளிடம் கேட்டார்: "சுப்பு, நீ ஏதாவது சேர்க்கணுமா?"

"டேட்டா கரெக்டா இருக்கு" என்றாள்.

முடிவு இது: ப்ரொபேஷன் இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. இந்த முறை துணையாளர் இல்லை. அமைதி அறை உண்டு. கையேட்டின் கடைசிப் பக்கம், 'ஓர் ஊழியரின் சொந்தக் கதை', வெள்ளிக்கிழமைக்குள் நான் எழுதித் தர வேண்டும்.

படிக்கட்டில் அவளைப் பிடித்தேன்.

"ஏன் சொல்லல?"

"என்னடி சொல்லணும்?"

"அந்த ஷீட்டு ஒனக்கும் சேத்துதான்னு நீதானே சொன்ன?"

"மெதுவா பேசு." இரண்டு படி இறங்கி வந்தாள். "எனக்கு அடுத்த மாசம் சீனியர் போஸ்ட் வரது. ரெண்டு வருஷமாக் காத்துண்டிருக்கேன். நான் என்ன உன்னப் பத்திப் பொய்யா சொன்னேன்?"

"இல்ல. ஒரு பொய்யும் சொல்லல."

"நீ என் எடத்துல இருந்தா சொல்லியிருப்பியா, நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

"நான் படிவத்துலயே சொல்லிட்டேனே."

அவள் கண் கலங்கியது. எனக்கு அதைப் பார்த்து இரக்கம் வரவில்லை. இறங்கிப் போய்விட்டேன்.

வீட்டுக்குப் போகாமல் பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். நஸீரா அக்கா கட்டிங் டேபிளில் சாய்ந்து கேட்டாள்.

"ஏட்டி, கேட்டாவன்னா எல்லாத்தயும் சொல்லிருவியா?" என்றாள் அம்மா. "நான் இங்க சேரும்போது முட்டுவலின்னு சொன்னனா?"

"எனக்குத் தெரியும் உனக்கு முட்டுவலின்னு" என்றாள் நஸீரா அக்கா. "மிதி மெஷின் வேண்டாம்னு மோட்டார் மெஷின் தந்தது எதுக்கு, உன் மூஞ்சிக்கா?" பிறகு என்னிடம் திரும்பினாள். "நான் அரைமணிக்கு ஒருதரம் கேக்கதுக்கு உங்க ஆபீசுல என்ன பேரு வச்சாவ?"

"துணையாளர்."

"அத எழுதி வேற வச்சாவளா?"

"ஆயிரத்து இருநூறு வரி."

"நான் ஒண்ணுகூட எழுதி வச்சதில்லயே" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

அப்பா குடோனிலிருந்து ஏழு மணிக்கு வந்தார். பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்டார். சொன்னேன். இன்னும் ஆறு மாதம் என்றதும் பெல்ட்டைத் திரும்பிப் பார்த்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருந்த?" என்றார். உள்ளதை எழுதியிருந்தேன் என்றேன்.

"கோடு போட்டிருக்கலாம்லா" என்றார். பிறகு, "நாந்தான சொல்லித் தந்தேன்" என்று தனக்குச் சொல்லிக்கொண்டு கை கழுவப் போனார். அந்தக் கம்பெனி மனிதர்கள் மீது எனக்கு என்றைக்கும் ஆறாத கோபம் எது என்று கேட்டால் இதுதான். தூக்கின மூட்டைக்கெல்லாம் சேர்த்து ஒரு நாளும் தலை குனியாதவரை, ஒரு கட்டத்துக்காகக் குனிய வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அமைதி அறையில் உட்கார்ந்தேன். கடைசிப் பக்கம் வெறுமையாகவே இருந்தது. பத்தரைக்கு என் கண் தானாகக் கதவுக்குப் போனது. பதினொன்றுக்கும் போனது. கண்ணாடிக்கு வெளியே சுப்புவும் அந்த நேரத்துக்குச் சரியாகத் தலை தூக்கிப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். அவள் மேசையிலும் வேலை கிடந்தது. ஏசியில் பதினான்கா பதினைந்தா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மத்தியானம் மெஹக் நீட்டிப்புக் கடிதத்தோடு வந்தாள். கீழே ஒரு சிறு கட்டம். 'நான் கோரிய உதவிகள் அனைத்தும் எனக்கு வழங்கப்பட்டன.' அதில் ஒரு டிக். பக்கத்தில் கையெழுத்து. மற்ற எல்லாவற்றையும் நிரப்பினேன். பெயர், ஊழியர் எண், தேதி. அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுக் கொடுத்தேன்.

"இங்க ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள்.

"விட்டுப்போகல. விட்டிருக்கேன்."

"இது இல்லாம நீட்டிக்க முடியாது பூ."

"பூமாரி" என்றேன். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அந்தக் கடிதத்தின் மேல் வைத்தேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் என் போஸ்டர் அப்படியேதான் இருந்தது. நான் கிழிக்கவில்லை. கிழித்தால் இன்னொரு காப்பி அடிப்பார்கள்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் கோபர்கைரனேயில் ஒரு டிசைன் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். வரவேற்பறை மேசையில் அந்தக் கையேடு கிடந்தது, வழவழவென்று. திறந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் என் வாக்கியம் தனியாக நின்றது: என்ன உதவும் என்று அவரிடமே கேளுங்கள். கடைசிப் பக்கத்தில் சொந்தக் கதை. 'பி., காப்பிரைட்டர், மும்பை.' பி. என் பெயரின் ஆங்கில முதலெழுத்து. அமைதி அறை தன் வாழ்க்கையை மாற்றியதாகவும், இப்போது யாரும் நினைவூட்டாமலே வேலையை முடிப்பதாகவும் அந்த பி. சொல்லியிருந்தாள். நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு கேள்விக்குறிக்கு முன்னாலும் ஓர் இடம் விட்டிருந்தது. என் பழைய அலுவலகத்தில் அப்படி டைப் அடிக்கிறவள் ஒருத்திதான். சீனியர் ஆன பிறகு எழுதினாளா, ஆவதற்காக எழுதினாளா என்று தெரியவில்லை. அதை எழுதி முடிக்கும் வரை அவளிடம் யார் வந்து "எத்தனை" என்று கேட்டிருப்பார்கள் என்று மட்டும் யோசித்தேன்.

பிறகு அங்கிருந்த பெண் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். இங்கே அது பன்னிரண்டாவது கட்டமாக இருந்தது. கேள்வி கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்.

அப்பா அன்று காலையும் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் கோவண்டிக்குப் போயிருந்தார்.

காலியாக விடவில்லை. கோடு போட்டேன்.